அக்காவும் ஓர் ஆங்கில வினைச்சொல்லும்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் நான் ஆங்கிலப் பள்ளியில் ஸ்டாண்டர்ட் ஃபைவ். ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் 'சீப்பன்' என்ற வினைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, ஒன்றின் மதிப்பைக் குறைப்பது என்று பொருள் சொன்னார். பொருளுக்கும் சொல்லலாம், மனிதருக்கும் சொல்லலாம் என்றார். பொருள் என்றால், மீனை வைத்து எனக்குப் புரிந்தது. தெங்கேரா பசாரில் மத்தியானமானால் அதன் மதிப்பு தானாகவே இறங்கும். மனிதரை எப்படி இறக்குவார்கள்? திங்கட்கிழமை ஒரு வாக்கியம் எழுதி வர வேண்டும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அரசாங்க ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. அவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். பேசியதெல்லாம் அவருடைய அம்மா.

"பொண்ணு நெறம் கொஞ்சம் மட்டுதான். படிப்பும் தமிழ்ப் பள்ளியோட சரி. கிளேபாங்ல ஒரு எடம் வந்திருக்கு. ஸ்கூட்டரே வாங்கித் தர்றாங்களாம்."

லோரி ஓட்டும் அப்பா யாருக்கும் அடங்காதவர். அன்று அவர் தலை தாழ்ந்துகொண்டே போனது. கதவோரம் அக்கா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

எனக்கு வாக்கியம் கிடைத்துவிட்டது. சடையைப் பின்னால் தள்ளி, வகுப்பில் நிற்பதுபோல் கைகட்டி நின்று, மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன்: "யூ ஆர் சீப்பனிங் மை சிஸ்டர்."

"என்னா சொல்லுது இந்தப் புள்ள?" என்றார் அவர் அம்மா.

என்னையும் மாப்பிள்ளையையும் தவிர அங்கே யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. மாப்பிள்ளையின் காது மடல்கள் சிவந்துவிட்டன.

"அவங்க அக்காவை நாம மட்டமாக்குறோமாம். சரியாத்தாம்மா சொல்லுது. ஸ்கூட்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். பொண்ணுக்குச் சம்மதமான்னு மட்டும் கேளுங்க."

அப்பா நிமிர்ந்தார். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணிடமும் சபையில் கேட்டிராத கேள்வியை உரக்கக் கேட்டார்: "உனக்குச் சம்மதமாம்மா?"

அக்கா தலைப்பை விட்டாள். மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேம்பா" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா விருட்டென்று எழுந்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் சிரித்தார். வாசலில் என் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் காக்கவைத்துத்தான் அக்கா சரி என்றாள். அந்த வாரம் முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி துவைத்தாள். சோற்றைக்கூட இரண்டு தரம் குழைய விட்டாள். இவ்வளவு பிடித்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, எதற்கு அவரைக் காக்கவைத்தாள் என்றுதான் எனக்கு விளங்கவே இல்லை.