ஏழாவது ஆளின் இடம்

ஏற்காடு ஒண்டிக்கடை முச்சந்தியில் இன்று யாரோ சுண்ணாம்பு நனைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மாரமங்கலத்தில் நான் படித்த உயர்நிலைப் பள்ளியின் மைதானத்துக்கு என்னை இழுத்துப் போய்விட்டது. இப்போது அங்கே ஏதோ ரிசார்ட்டின் கார்கள் நிற்கின்றன. அப்போது, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, பனிமூட்டத்திலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று கபடிக் கோடுகளை ஈரச் சுண்ணாம்பால் தடிமனாக இழுப்போம். பட்டாளத்தில் சேர்ந்து நாட்டின் எல்லையில் இறந்துபோன பொன்னன் அண்ணன் எங்கள் பள்ளிக்குக் கபடி ஆடியவர் என்பதால், அவர் நினைவுப் போட்டியில் ஏழாவது ஆளின் இடத்தை அவருக்காக விட்டு, ஆறு பேராகவே ஆடி, வருஷா வருஷம் தோற்போம். அவருடைய அம்மா, அன்றைக்கு எஸ்டேட் வேலைக்குப் போகாமல் வந்து, அவுட்டானவர்கள் உட்காரும் ஓரத்தில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை நான் அவுட்டாகி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் ஆட்கள் எதிரணிக்காரன் ஒருவனைப் பிடித்ததும், விசிலடித்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, வெளிய வந்தவன மறுக்கா உள்ள உடுவாங்களா?"

"ஆமாங்க. நாம ஒருத்தனப் புடிச்சா உடுவாங்க."

காலியாகக் கிடந்த அந்த இடத்தைப் பார்த்தபடியே கேட்டார்:

"எம்பையன உடறதுக்கு இன்னும் எத்தன பேரப் புடிக்கோணும், சாமி?"