ஆத்துல ஊறுன காடோங்

நான் கோயிலுக்கே வருஷத்துக்கு ஒரு தடவ, தீமிதிக்கு மட்டும் போற ஆளு. லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, யாருக்காவது பேய் புடிச்சிருக்கு, வேப்பிலை அடிக்கணும்னு சொன்னா நான் சிரிச்சிக்கிட்டே சாராயக் கடைப் பக்கம் போயிருவேன். அதனால இப்ப சொல்றத கெழவன் ஏதோ ஒளர்றான்னு நீங்க நெனச்சாலும் எனக்குக் கோவம் வராது. நீங்க செடி கொடி பத்தி எழுதுறவருன்னு உங்கள தானா ராத்தாவுல இருந்து ஏத்திட்டு வந்த டாக்சிக்காரரு சொன்னாரு. காடோங் கெழங்கு பத்தி இந்தப் பக்கம் யாருக்காவது தெரியுமான்னு கேட்டீங்களாம். தெரியும் லா. எனக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது.

ஜப்பான்காரன் சண்ட போட்டு இந்த ஊரப் புடிச்சு வெச்சிருந்த காலம். எங்க தோட்டம் ரிங்லெட்டுக்கும் கீழ, காட்ட ஒட்டி இருந்துச்சு. தொரைமாருங்க எல்லாம் ஓடிட்டாங்க. தேயிலைய கவாத்து பண்ண ஆள் இல்லாம செடியெல்லாம் மரம் கணக்கா நிக்குது. நான் ஃபேக்டரியில அடுப்புக்கு வெறகு போடுறவன். அடுப்பே எரியாதப்ப எனக்கு என்ன வேல, காட்டத் திருத்தி மரவள்ளி நடச் சொன்னாங்க, நட்டோம். அது வெளையிற வரைக்கும் வயிறு பொறுக்குமா?

அப்பதான் காட்டுக்குள்ள இருந்து ஒரு ஓராங் அஸ்லி பொம்பள, அதான் காட்டுலயே வாழுற பூர்வகுடி ஆளு, முதுகுல கைப்புள்ளயக் கட்டிக்கிட்டு, உப்பு கேட்டு வந்துச்சு. என் சம்சாரம் அஞ்சலை ஒரு சிரட்டை உப்பு குடுத்தா. அதுக்குப் பதிலா அந்தப் பொம்பள இந்தக் கெழங்கக் காட்டிக் குடுத்துச்சு. மூணு மூணு எலையா இருக்கும், தண்டெல்லாம் முள்ளு, கெழங்கு மண்ணுக்கு மேலயே மண்டை மாதிரி முட்டிக்கிட்டு மயிரோட கெடக்கும். அப்படியே தின்னா ஆள் காலி. மொதல்ல தொண்ட எரியும், அப்புறம் தல சுத்தும், வாயில நொரை தள்ளும், கையும் காலும் இழுக்கும். அவங்க ஆளுங்க இத அம்புல தடவுற வெஷத்தோட கூட சேப்பாங்களாம். ஆனா மெலிசா சீவி, சாம்பல்ல பெரட்டி, பெரம்புக் கூடையில போட்டு ஓடுற தண்ணியில மூணு நாளு நாலு நாளு ஊற வெச்சு, தெனமும் கால்ல மிதிச்சு வழுவழுப்ப எடுத்துட்டா சோறு மாதிரி. அவங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துலருந்து பஞ்சம் வந்தா இதானாம். இதக் கண்டுபுடிக்கிறதுக்குள்ள எத்தன பேரு செத்திருப்பான்னு நான் யோசிப்பேன்.

இப்ப மரியதாஸ் கதைக்கு வர்றேன். அவன் எனக்குப் பக்கத்து வீடு, நடுவுல ஒரு பலகைதான். வேதக்காரக் குடும்பம். சம்சாரம் பேரு செலின், என்னைய அண்ணேன்னு கூப்புடும். அவன் வாயி கொஞ்சம் முரடு, கள்ளு போட்டா கையும் நீளும், ஆனா எனக்குக் கூட்டாளி. சயாமுல ரயில் ரோடு போடுறதுக்கு தோட்டத்துலருந்து பதினோரு ஆளு வேணும்னு ஜப்பான்காரன் கேட்டான். கங்காணி எழுதுன லிஸ்ட்ல பெருமாளுன்னு என் பேரு இருந்துச்சு. மரியதாஸ் பேரு இல்ல.

லோரி வந்த அன்னிக்கி எனக்குக் குளிர் காய்ச்சல். தம்பி, இத நல்லாக் கேட்டுக்குங்க, நெசமான காய்ச்சல். மூணு கோணிச்சாக்கு போத்தியும் பல்லு கிட்டிக்கிட்டு ஆடுனேன். கங்காணி வந்து எட்டிப் பாத்தான், ஆளு கணக்கு கொறையக் கூடாதுன்னு பக்கத்து வீட்டுலருந்து மரியதாச இழுத்துட்டான். மூணு மாசத்துல வந்துருவீங்கன்னு சொன்னாங்க. போறதுக்கு முன்னாடி அவன் உள்ள வந்து என் நெத்தியில கைய வெச்சான். அந்தக் காய்ச்சல் எப்படின்னா, குளிரும், கொதிக்கும், அப்புறம் குப்புன்னு வேத்து ஒடம்பே ஜில்லுன்னு ஆயிரும். அவன் கை வெச்ச நேரம் வேத்து விட்டிருந்துச்சு. நெத்தி தண்ணி மாதிரி இருந்துச்சு. கைய எடுத்துட்டு என் மூஞ்சியக் கொஞ்ச நேரம் பாத்துட்டு லோரி ஏறிட்டான்.

அதுலருந்து லயத்துல எவனும் என் மொகத்த நேராப் பாக்கல. நடிச்சுட்டான்னு முடிவு பண்ணிட்டாங்க. தண்ணி புடிக்கிற பைப்படியில நான் போனா பேச்சு நின்னுரும். செலின் மட்டும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாக்கூட பரவால்ல.

சரி, கெழங்கு. எல்லாரும் ஆத்துல கூடை போட ஆரம்பிச்சோம். வரிசையா கல்லு கல்லா நடுவுல கூடைங்க, எங்களோடது, செலினோடது, இன்னும் நாலு வீட்டோடது. அந்தக் காட்டுப் பொம்பளையும் எங்களுக்குப் பக்கத்துலயே ஒண்ணு போட்டிருந்துச்சு. நான் மூடி வெச்சு பெரம்பால நாலு முடிச்சு போட்டுக் கட்டுவேன். ரெண்டாவது நாளு பாத்தா உள்ள ரெண்டு கை அளவு கொறையுது. முடிச்சு நான் போட்ட மாதிரியே இருக்கு. மறுநாளும் ரெண்டு கை. வேற எந்தக் கூடையிலயும் கொறையல, என்னோடதுல மட்டும். கொரங்கும் காட்டுப் பன்னியும் அதத் தொடாது. தொட்டாலும் முடிச்சுப் போடத் தெரியுமா?

அப்ப எனக்கு வந்த யோசன என்னன்னா, திருடுனவன் ஊறாத கெழங்கத் தின்னிருக்கான், அவனுக்கு வாந்தி வரணும், இல்லாட்டி தல சுத்தணும். காலையில பெரட்டுல, அதான் வேலைக்குப் பேரு கூப்புடுற எடத்துல, நின்னு ஒவ்வொருத்தன் மூஞ்சியாப் பாத்தேன். அவங்க என்னையப் பாக்க மாட்டாங்க, நான் அவங்களப் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒருத்தனுக்கும் ஒண்ணும் இல்ல. பசியில காஞ்சிருக்கான், அவ்வளவுதான். அந்தக் காட்டுப் பொம்பளகிட்ட கூடையக் காட்டிக் கேட்டேன். அது முடிச்சப் பாத்துச்சு, தண்ணியப் பாத்துச்சு. தன் கூடையத் தூக்கிட்டுப் போயி எங்களுக்கு ரொம்ப மேல, தண்ணி வர்ற பக்கமா வெச்சிக்கிச்சு. அப்புறம் எங்க லயத்துக்கே வரல.

எனக்கு செலின் மேலதான் சந்தேகம். புருசன என்னால இழந்தவ, என் கூடையில கை வெக்கிறதுல என்ன ஆச்சரியம்னு. ஒரு நாள் பைப்படியில பத்துப் பேரு முன்னாடி வாய விட்டுட்டேன். அது சண்ட போடல. வீட்டுக்குப் போயி அடுப்புல இருந்த சட்டிய அப்படியே தூக்கிட்டு வந்து என் காலடியில வெச்சுச்சு. மரவள்ளி எலைய வேக வெச்ச தண்ணி.

"பாத்துக்குங்கண்ணே," அப்படின்னுச்சு. சட்டியில ஒரு துண்டு கெழங்கு இல்ல.

அந்த அவமானத்துல எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. அன்னிக்கே போயி புதுசா காடோங் தோண்டி, கழுவாம, சாம்பல் போடாம, சீவி என் கூடைக்கு மேலாப்புல பரப்புனேன். அஞ்சலை அழுதா, யாராவது சின்னப் புள்ளைங்க தின்னுட்டா என்ன பண்ணுவீங்கன்னு. நான் கேக்கல. எவன் சாகுறான்னு பாக்கணும். எனக்கு அப்ப அதுதான் வேணும், பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் மேலாப்புல போட்டது அத்தனையும் இல்ல. பெரட்டுல எல்லாரும் வந்து நின்னாங்க, ஒரு ஆள் கொறையல. நான் ரெண்டு தடவ எண்ணிப் பாத்தேன். எவனும் சாகலியேன்னு எண்ணுனேனா, செத்திருந்தா என்ன பண்ணுறதுன்னு பயந்து எண்ணுனேனா, தெரியல.

அதுக்கு மறுநாள் மறுபடியும் அதே மாதிரி பச்சக் கெழங்கப் பரப்பிட்டு, வேலைக்கு டிமிக்கி குடுத்துட்டு ஆத்து மேட்டுல பெரணிப் புதருக்குள்ள உக்காந்தேன். ராத்திரி இல்ல, தம்பி. மத்தியானம் ஒரு மழ பேஞ்சு விட்டு, மூணு மணி நாலு மணி இருக்கும், மலையில பனி எறங்குற நேரம். அட்டை கால்ல ஏறுது, நான் அசையல. பனி வந்து ஆத்த மூடுச்சு, அப்புறம் கொஞ்சம் வெலகுச்சு. வெலகுனப்ப ஒரு ஆளு.

தண்ணிக்குள்ள குத்த வெச்சு உக்காந்திருக்கான், எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு. இடுப்புல கோணித் துண்டு. முதுகெலும்பு ஒண்ணொண்ணா எண்ணலாம். கூடைக்குள்ள கைய விட்டு எடுத்து எடுத்து வாயில போடுறான். அவசரமே இல்ல, கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்து சாப்புடுற மாதிரி நெதானமா மெல்லுறான். எனக்குப் பயம் வரல, கோவந்தான் வந்துச்சு, திருடன் கெடச்சான்னு. காடு வெட்டுற பாராங்கத்தியத் தூக்கிக்கிட்டு எறங்குனேன். பத்தடி இருக்கும். அவன் திரும்பல, மெல்லுறதயும் நிறுத்தல.

"பெருமாளு, காய்ச்சல் விட்டுருச்சா?"

மரியதாஸ் கொரல். பலகைக்கு அந்தப் பக்கத்துலருந்து எத்தன வருஷம் கேட்ட கொரலு, எனக்குத் தெரியாதா. கேலியா கேக்கல, அக்கறையாவும் கேக்கல. தெரிஞ்சுக்கணும்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. நான், நெசமாவே காய்ச்சல்தான்டான்னு சொல்ல வாயத் தொறந்தேன், அதுக்குள்ள பனி மறுபடியும் வந்து மூடுச்சு. நாலு மூச்சு விடுற நேரந்தான். வெலகுனப்ப தண்ணி மட்டும் ஓடுது. கூடை கட்டுன மாதிரியே இருக்கு, நாலு முடிச்சும். அவுத்துப் பாத்தேன், மேலாப்புல போட்ட பச்சக் கெழங்கு இல்ல. கரைச் சேத்துல என் கால் தடம் மட்டுந்தான் கெடந்துச்சு.

நம்புனா நம்புங்க, நேரா செலின் வீட்டுக்குத்தான் போனேன். கதவ மூடும், இல்ல மூஞ்சியில துப்பும்னு நெனச்சேன். நின்னுக்கிட்டே பூராத்தையும் கேட்டுச்சு. நான் வெஷக் கெழங்கு வெச்சதையும் சொன்னேன். அது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

"வயிறு நெறைய சாப்புட்டாராண்ணே?"

நான் ஆமான்னு தலய ஆட்டுனேன். மறுநாள்லருந்து அது பக்குவமா ஊறி வெந்த காடோங்க எலையில மடிச்சு ஆத்துக் கல்லு மேல வெக்க ஆரம்பிச்சுது. தான் பட்டினி கெடந்தாலும் வெச்சுது. என் கூடையில அப்புறம் ஒரு துண்டு கொறையல. செலின் கழுத்துல கெடந்த கறுப்பு மணித் தாலியக் கழட்டிட்டு வெள்ளைச் சீலைக்கு மாறிருச்சு. புருசன் செத்துட்டான்னு அதுக்கு முடிவாயிருச்சு, எனக்கும்தான்.

இப்பதான் நீங்க நம்ப மாட்டீங்க. சண்ட முடிஞ்சு, வெள்ளக்காரன் திரும்பி வந்து ஆறேழு மாசம் கழிச்சு, சயாமுக்குப் போன பதினோரு பேருல ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் மரியதாஸ்.

கால்ல பெரிய புண்ணு, பல்லு பாதி இல்ல, முடி கொட்டிப் போச்சு. ஆளே அடையாளம் இல்ல. ஆனா கூட வந்தவன் சொல்றான் இவன்தான்னு, கங்காணி சொல்றான், லயமே சொல்லுது. நேரா வந்து என் வீட்டு வாசல்ல நின்னான், தன் வீட்டு வாசல்ல இல்ல. அஞ்சலை, பக்கத்து வீடுன்னு கையக் காட்டுனா. சயாம் போனவனுக்கு எல்லாம் மறந்து போகும்னு பேசிக்கிட்டாங்க, நானும் அப்படித்தான் வெச்சுக்கிட்டேன். திரும்பி வந்ததுலருந்து அவன் என்னையப் பெருமாளுன்னு கூப்புட்டதே இல்ல, செலின் கூப்புடுறதப் பாத்து அண்ணேன்னான். ஒரு நாள் மனசு தாங்காம நானே உக்கார வெச்சு, அன்னிக்கி எனக்கு நெசமாவே காய்ச்சல்தாம்ப்பான்னு சொன்னேன்.

"எந்தக் காய்ச்சல்?" அப்படின்னான்.

மறைக்கிறானா, மன்னிச்சுட்டானா, இல்ல தெரியவே தெரியாதா. வருஷக்கணக்கா அவன் சாப்புடுறதப் பாப்பேன், நடக்குறதப் பாப்பேன், பலகைக்கு அந்தப் பக்கம் இருமுறதக் கேப்பேன். முன்ன இருந்தவன் குடிப்பான், அடிப்பான். இவன் கள்ளத் தொடல, செலின ஒரு அதட்டல் போட்டதில்ல. ரெண்டு புள்ளைங்க பொறந்துச்சு. பதினாறு வருஷம் பக்கத்துல இருந்துட்டு, நெஞ்சு சளி கட்டி அடங்கிட்டான்.

பொதச்சிட்டு வர்றப்ப கல்லறைத் தோட்டத்து வாசல்ல செலின் என்னைய நிறுத்துச்சு. அழல.

"ஆத்துல நீங்க பாத்தவருதாண்ணே எம் புருசன். இவரு நல்லவரு. யாருன்னு எனக்குத் தெரியாது."

அப்புறம் ஏம்மா வீட்டுக்குள்ள விட்டேன்னு கேட்டேன். பசியோட வாசல்ல வந்து நின்னாருண்ணே, அப்படின்னுச்சு. அவருகிட்ட ஒரு நாளும் கேக்கலியான்னேன். கேட்டா அவரு போயிருவாருன்னு சொல்லிட்டு நடந்துருச்சு.

நான் அஞ்சலைகிட்டக்கூட இதச் சொன்னதில்ல. அந்தப் புள்ளைங்க இன்னிக்கும் கியா பார்ம் பக்கம் காய்கறித் தோட்டத்துல இருக்காங்க, என்னையப் பெரியப்பான்னு கூப்புடுறாங்க, அவங்களுக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிறாதீங்க. ஆனா சந்தேகமா இருந்தா போறப்ப டாக்சிய அவனப் பொதச்ச அந்தக் கல்லறைத் தோட்டத்துகிட்ட நிறுத்தச் சொல்லிப் பாருங்க. ஆசாரி சிலுவை செஞ்சுட்டு என்ன எழுதணும்னு கேட்டப்ப, செலின் பேரச் சொல்லல, அவரு செத்த தேதிய மட்டும் சொல்லுச்சு. ஆசாரி ரெண்டு தடவ கேட்டாரு, நான் பக்கத்துலதான் நின்னேன். மரச் சிலுவை உளுத்துப் போயி புள்ளைங்க சிமெண்டுல புதுசா வெச்சாங்க, அதுலயும் பேரு எழுத செலின் விடல. அந்த வரிசையில பேரு இல்லாத சிலுவை அது ஒண்ணுதான்.