நாலு படி இறங்கிய சத்தம்

பேய்க்கதை என்றால் நடுச்சாமம் வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். இதில் இரண்டும் கிடையாது. பின்னேரம் நாலு மணி, அடைமழை, ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், மூக்கைப் பிய்க்கும் மலநாற்றம். அவ்வளவுதான். இது நிரஞ்சனிக்கு நடந்தது. அவள் கூட்டிக் குறைத்துச் சொல்கிறவள் இல்லை. மீட்டரில் முள் காட்டாத எதையும் நம்பாதவள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மகியாவை என்கிற ஊரின் லயத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அந்த லயத்தில்தான் அவள் பிறந்தாள். சாக்கடைக் கான் அள்ளுகிறவர்களின் குடியிருப்பு. அப்பா செல்லப்பா வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிப்பார். முழுச் சவர்க்காரம் கரைந்தாலும் நகக்கண்ணில் இருக்கிற நாற்றம் போகாது. அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து ஓர் உருண்டை நீட்டுவார். அவளுக்குக் குமட்டும். அப்பா செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த உருண்டையை நினைத்தால் இன்றைக்கும் குமட்டத்தான் செய்கிறது. நாற்றம் நாற்றம்தான், பாசம் வந்து அதைக் கழுவிவிடாது. ஆனால் அதைவிட மோசமாகக் குமட்ட வைப்பவர்கள் உண்டு. மூக்கில் லேஞ்சித் துணியைப் பிடித்துக்கொண்டு, குழியைச் சுட்டிக் காட்டி, "இறங்கு" என்கிறவர்கள்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, கட்டுகஸ்தோட்டையில் லாபிர் நானாவின் ரேடியோ, டீவி திருத்தும் கடையில் அவள் வேலை செய்தாள். வேலை ஓய்ந்த நேரத்தில் ஒரு சாமான் செய்தாள். நீளக் கம்பியின் நுனியில் பூட்டிக் கழிவுக் குழாய்க்குள் தள்ளிவிடுகிற, விரற்கடை தடிப்பான ஒரு சின்ன அலைபரப்பி. மேலே தரையில் ரிசீவரோடு நடந்தால், அது நிற்கிற இடத்துக்கு நேர் மேலே ஹெட்போனில் சத்தம் உரக்கக் கேட்கும். அடைப்பு அங்கே. அங்கே மட்டும் உடைத்தால் போதும். மனுசன் குழிக்குள் இறங்கத் தேவையில்லை.

இறங்குகிற மனுசன் வேறு யாருமில்லை. அவளுடைய தாய்மாமன் வீரசிங்கம். மாநகர சபையில் பென்சன் எடுத்த பிறகும் தனியார் கூப்பிட்டால் போவார். கால் போத்தல் சாராயம் உள்ளே போனால்தான் அந்த நாற்றத்தைத் தாங்கலாம் என்பார். அவருக்குப் பின் யாரும் போகக்கூடாது, அவரும் போகக்கூடாது. அந்தச் சாமானை அவள் செய்தது அதற்குத்தான்.

சாமானின் உயிர், உள்ளே இருக்கும் ஓஸிலேட்டர். ஒரே வேகத்தில் ஆடிக்கொண்டே இருக்கும் சின்ன மின்சுற்று. அந்த வேகம்தான் மீடிறன். ஹெட்போனில் அது 'கூ...' என்று ஒரு சுருதியாகக் கேட்கும். திருகினால் சுருதி மாற வேண்டும். இல்லாவிட்டால் கட்டடத்து விளக்கும் இன்வேட்டரும் போடும் இரைச்சலை விட்டு விலக முடியாது. திருகி விட்ட இடத்தில் அசையாமல் நிற்கவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால்தான் வம்பு. லேசாகத் திரும்புவது லேசாகவே நழுவும். சூடு பட்டால் நழுவும். பற்றரி இறங்கினால் நழுவும். ஈரம் பட்டால் நழுவும். மாதக்கணக்கில் மினக்கெட்டாள். கம்பிச் சுருளை மெழுகில் முக்கி இறுக்கினாள். சூட்டுக்கு மாறாத கொண்டென்சர் தேடிப் போட்டாள். கடைசியில் ஒரு பகல் முழுக்க வாளித் தண்ணீருக்குள் கிடந்தும் சுருதி மயிரிழை அசையவில்லை.

ஒன்று மட்டும் தீரவில்லை. மேலே போட்ட ரப்பர் உறையைக் கையால் சுற்றி அமுக்கினால் சுருதி இறங்கும். கல்லில் முட்டினால் இறங்காது, சேற்றில் புதைந்தால் இறங்காது. பிடிக்கு மட்டும்தான். விரலுக்கு ஒரு படி. அஞ்சு விரலை மடக்கினால் அஞ்சு படி.

"அதையும் சரியாக்கினா என்ன புள்ள?" என்றார் லாபிர் நானா.

"குழாய்க்குள்ள யாரு நானா கை வச்சு அமுக்கப்போறா?"

விட்டுவிட்டாள்.

ஆற்றுப் பக்கம் சரிவில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து வீரசிங்கத்துக்கு அழைப்பு வந்தது. மறுநாள் கல்யாணம். மலசலகூடங்கள் எல்லாம் அடைத்து, கழிவு மேலே எதிர்த்து வருகிறது. நிரஞ்சனி சாமானைத் தூக்கிக்கொண்டு மாமாவோடு போனாள். சமையல்காரர்கள் வெங்காயம் உரிக்கிற முற்றம் வரைக்கும் மஞ்சள் தண்ணீர் வந்திருந்தது. வெங்காயத் தோல் அதில் மிதந்தது. உரித்த வெங்காயச் சட்டி அதற்குள்ளேயே நின்றது.

"அதைக் கழுவிப் போடலாம்" என்றார் மண்டபத்து முதலாளி மோகனராஜ். உடம்பில் வெள்ளைச் சேட்டு, மூக்கில் லேஞ்சி. "நாளைக்கு அஞ்ஞூறு பேர் வாறாங்க. வீரசிங்கம், நீங்க இறங்குங்க."

"மொதல்ல மெசின் போகட்டும் ஐயா" என்றாள் நிரஞ்சனி.

"விளையாட்டுச் சாமானா?" அவர் அதைக் கிட்டப் பார்க்கக்கூட இல்லை. "நாலரை மணி வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பிறகு அவர் இறங்குவார்."

மாமா ஏற்கனவே அரைக்காற்சட்டையோடு உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு நின்றார். அவள் பார்த்ததும் பல்லைக் காட்டினார்.

"மாப்பிள்ள ரெடி. பொண்ணுதான் நாறுது."

பின்முற்றத்து மேன்ஹோல் மூடியைத் திறந்தார்கள். அங்கிருந்து ஒரு சாண் அகலம் கூட இல்லாத குழாய் ஒன்று மண்டபத்துக்கு அடியால் போனது. மாமா குழியின் விளிம்பில் குந்தியிருந்து கம்பியைத் தள்ளத் தொடங்கினார். நிரஞ்சனி ஹெட்போனை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள்.

மணி நாலு பத்து.

உள்ளே யாரும் இல்லை. அடுக்கிய கதிரைகள். பிளாஸ்டிக் பூ சுற்றிய மணவறை. கூரையில் மழை. ஹெட்போனுக்குள் 'கூ...' என்று சுத்தமான சுருதி. அதன் பின்னால் அவள் தரை மேல் நடந்தாள். நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. மணவறைக்கு முன்னால் வந்ததும் சத்தம் உரத்து நின்றது.

அடைப்பு இங்கேதான். சாமான் கண்டுபிடித்துவிட்டது! குனிந்து சோக்கால் ஒரு கோடு போட்டாள்.

அப்போது சுருதி ஒரு படி இறங்கியது.

பற்றரி என்று நினைத்தாள். ரிசீவரைப் பார்த்தாள். பற்றரி நிறைய இருந்தது.

இன்னொரு படி.

இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கடை மேசையில் எத்தனை தரம் கேட்டிருக்கிறாள், ரப்பரை விரலால் அமுக்கும்போது...

மூன்று.

நாலு...

ஐந்தாவதுக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

நாலோடு நின்றது. இறுக்கமாக.

பிறகு சத்தம் நகர்ந்தது. அவள் நின்ற இடத்தில் மெலிந்தது. ஓர் எட்டு பின்னால் வைத்தாள், உரத்தது. திரும்ப மெலிந்தது. இன்னும் ஓர் எட்டு. போன வழியே திரும்பி வந்துகொண்டிருந்தது. மணவறைக்கு அடியிலிருந்து பின்முற்றத்துக்கு.

வெளியே மாமாவின் குரல்.

"புள்ள! கம்பி தானா வெளிய வருது!"

"நீங்க இழுக்கலயா?"

"நா இழுக்கல. கைய விட்டுட்டேன். முதலாளி இறங்கச் சொல்றாரு, நா இறங்குறேன்!"

அவள் ஓடினாள். காதுக்குள் அந்தச் சத்தமும் கூடவே ஓடியது. அவளை முந்தியது.

மாமாவின் இரண்டு காலும் குழிக்குள் இருந்தன. முழங்கால் வரைக்கும்.

"மாமா... ஏறுங்க!"

"என்ன?"

"ஏறுங்க! ஏறுங்க!"

அக்குளில் கையைப் போட்டு இழுத்தாள். எண்ணெய் வழுக்கியது. திரும்பப் பிடித்தாள். மாமா சேற்றில் மல்லாந்து விழுந்தார்.

குழிக்குள் ஒரு குமிழ் வந்தது. பெரிதாக. மெதுவாக.

'பளக்...'

அழுகிய முட்டை நாற்றம். அதற்கடியில் வேறொரு நாற்றம். இனித்த நாற்றம். நிரஞ்சனி அங்கேயே வாந்தியெடுத்தாள்.

மாமா ஒரு லாந்தரைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கினார். எத்தனை குழி பார்த்தவர். முதலிலேயே செய்திருக்க வேண்டியது, முதலாளியின் அவசரத்தில் விட்டுவிட்டார். மேன்ஹோல் வாயிலிருந்து இரண்டடி கூட இறங்கவில்லை, லாந்தர் அணைந்தது. இறங்கியிருந்தால் அவரும் அப்படித்தான் அணைந்திருப்பார்.

குழாய் வாயில் சாமான் தானாக வந்து கிடந்தது. கம்பியோடு இழுத்து எடுத்தார்கள். முழுக்கக் கறுத்த கொழுப்பு அப்பியிருந்தது. அதன் மேல் துப்பரவான தடங்கள். ஒரு பக்கம் பெருவிரல். மறுபக்கம் மூன்று விரல். பெருவிரலுக்கு அடுத்த விரல் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"என்ன அது? என்ன கூத்து?" மோகனராஜ் தூர நின்றே கேட்டார்.

"உள்ளுக்கு யாரோ கையால புடிச்சிருக்காங்க" என்றாள் நிரஞ்சனி. வேறொன்றும் சொல்லவில்லை. தடத்தைக் காட்டவும் இல்லை.

அவர் லேஞ்சியை மூக்கிலிருந்து எடுத்தார்.

"சோத்துக்கையா?"

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த நேரம் அவளுக்கு அது உறைக்கவில்லை. இரவோடிரவாக ஒரு கலி பவுசர் லொறி வந்து எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு போனது. உறிஞ்சினதில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. எங்கே கொட்டினார்கள் என்றும் தெரியாது. மறுநாள் அதே முற்றத்தில், அதே சட்டியில் சமைத்து, அஞ்ஞூறு பேருக்குப் பந்தி வைத்தார்கள். சாப்பாடு நல்லாயிருந்ததாம்.

அடுத்த கிழமை தடத்தைப் பிடித்து வைத்த போட்டோவை மாமாவிடம் காட்டினாள். போனைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இது சன்னாசி கை."

"யாரு மாமா?"

"ஒனக்குத் தெரியாது. எங்களோட வேலை செஞ்சவன். சோத்துக்கையில சுட்டுவெரல் இல்ல, தேயிலை பெக்டரியில ரோலருக்குள்ள போச்சு. அந்த மண்டபத்துக் குழிக்கு ஒரு நாள் வேலைக்குப் போனான். பொழுதுபட்டும் வரல. வேலைய முடிச்சிட்டு எப்பவோ கெளம்பிட்டானேன்னு மொதலாளி சொன்னாரு. பொண்டாட்டி கொழும்பு வரைக்கும் போய்த் தேடினா. குடிச்சிட்டு எங்கயோ ஓடிட்டான்னு நாங்களும் நம்பினோம்."

"குழி?"

"மண்டபத்த நீட்டினாங்கல்ல. அதே மாசம். குழிக்கு மேல கொங்கிறீட்."

மணவறை நிற்கிற இடம். நிரஞ்சனிக்கு அப்போதுதான் மோகனராஜ் கேட்ட கேள்வி காதுக்குள் விழுந்தது. சோத்துக்கையா? உள்ளே ஒரு கை இருக்கிறதென்றால் பயப்படுவான் மனுசன், சிரிப்பான், திட்டுவான். எந்தக் கை என்று கேட்பானா? பொலிசுக்குப் போனார்கள். முறைப்பாடு எழுதினார்கள். ரப்பரில் விழுந்த தடத்துக்காக யாரும் கொங்கிறீட் உடைக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

சாமானை மூன்று தரம் கழுவினாள். நாற்றம் போகவில்லை. மேசையில் வைத்துப் போட்டுப் பார்த்தாள். சுருதி நாலு படி கீழே இருந்தது.

ரப்பர் நசிந்திருக்கும் என்று உறையை வெட்டி எறிந்தாள். நாலு படி கீழே.

புதுச் சுருள் சுற்றினாள். கொண்டென்சர் மாற்றினாள். நாலு படி கீழே.

திருகி மேலே ஏற்றினாள். ஏறியது. நின்றது. பிறகு... ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

"இத இங்க வெக்க வாணாம் புள்ள" என்றார் லாபிர் நானா. அதற்குப் பிறகு அந்த மேசையில் அவர் தேத்தண்ணி வைக்கவில்லை.

அவள் அதை அணைக்கவில்லை. ஏனென்று கேட்டால், கோளாறு எதுவென்று தெரியாமல் ஒரு சுற்றைத் தூக்கி எறிந்து பழக்கமில்லை என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. பகல். கடைக்குள் நல்ல வெயில். மணி பதினொன்று இருபது.

சுருதி ஏறியது.

ஒன்று.

இரண்டு, மூன்று, நாலு... விறுவிறுவென்று.

பிடி விட்டது! அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "நானா, இங்க வாங்க!" என்று கத்தினாள். லாபிர் நானா கதிரையிலிருந்து எழும்பி வருவதற்குள்...

நாலு.

திரும்பவும் கீழே.

அடுத்த நாள் மாமா கடைக்கு வந்தார். வெயிலுக்குப் பிடித்த குடையைக் கடைக்குள்ளும் மடக்க மறந்து வந்தார்.

மண்டபத்தில் திரும்பவும் அடைப்பாம். மகியாவையில் யாரும் போக மாட்டார்கள் என்று தெரிந்து, மோகனராஜ் நேற்று பிலிமத்தலாவையிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வந்திருக்கிறார். அந்தக் குழியைப் பற்றி ஒன்றுமே கேள்விப்படாத ஆள். இடுப்பளவு இறங்கியதும் வெளியே வந்து விழுந்து அலறினானாம். இப்போது ஆஸ்பத்திரியில். மாமா போய்ப் பார்த்திருக்கிறார்.

"கெண்டைக்கால யாரோ புடிச்சாங்கன்னு சொல்றான்."

"இழுத்துச்சா?"

"அதத்தான் நானும் கேட்டேன். இழுத்துச்சா, தூக்கி வெளிய எறிஞ்சிச்சான்னு அவனுக்கே தெரியல. காலப் பாத்தேன். நாலு வெரல் தடம் கன்னிப்போய் கெடக்கு."

நிரஞ்சனி ஒன்றுதான் கேட்டாள்.

"நேத்து எத்தனை மணிக்கு மாமா?"

"பள்ளிவாசல்ல தொழுகைக்கு வாங்கு சொல்ல முந்தி. பதினொண்ணு இருபது இருக்கும்."

அவள் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். அது நாலு படி கீழே, அசையாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் செய்த எந்தச் சுற்றும் இவ்வளவு நிலையாக நின்றதில்லை.