மதினி தராத ஒரு வாய்த் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாவம் செய்தேன். அதுவும் இலக்கியத்தின் பெயரால்!

முருகையாவை உங்களுக்குத் தெரியாது. புதூர் பக்கத்துக் கிராமம். காற்றாலைக்காரர்கள் நிலம் கேட்டு வந்த காலத்தில், வரப்பைத் தள்ளிப்போட ஆசைப்பட்டு, பெரியப்பா மகனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவர். ஆயுள் தண்டனை முடிந்து, இப்போது கோவில்பட்டியில் ஒரு மரக்கடையில் வேலை. ஜெயில் லைப்ரரியில் தொற்றிய வாசிப்புப் பழக்கம்... என்னிடம் புத்தகம் வாங்கிப் போவார்.

நான் சும்மா இருந்தேனா? கொலைகாரர்களைப் பற்றிய பழைய பெரிய நாவல்களாகப் பார்த்துக் கொடுத்தேன். பேராசையில் கொல்வான், ராப்பகலாகப் புழுங்குவான், கடைசியில் ஒப்புக்கொண்டு அழுவான். மனசு லேசாகிவிடும். வாசிக்கிற நமக்கும்தான்.

“அண்ணாச்சி, நானும் மதினிகிட்டப் போய்க் கேட்டுறட்டா?” என்றார் ஒருநாள். மதினி என்றால், அந்தச் செத்துப்போன அண்ணனின் மனைவி.

எங்கள் பக்கம் மன்னிப்பு என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பகையான வீட்டில் கை நனைத்துவிட்டால் பகை தீர்ந்தது. சோறு வேண்டாம், ஒரு வாய்த் தண்ணீர் போதும் என்றார் முருகையா.

“போவோம், நானும் வாரேன்” என்றேன். பெரிய மனுஷன் இல்லையா நான்!

மதினி வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கு அன்று லீவு. வீட்டில்தான் இருந்தார். முருகையா வாசற்படி ஏறவில்லை.

“மதினி, ஒரு வாய் தண்ணி தாங்க. குடிச்சிட்டுப் போயிருதேன்.”

மண்ணை வாரித் தூற்றுவார் என்று பயந்தேன். இல்லை... நிதானமாகத்தான் பேசினார்.

“தண்ணி குடுத்தா ஒனக்குப் பாரம் எறங்கிரும். நான் எங்கன போய் எறக்கி வைக்க? நீ கெடந்து வேகுதங்கிற நெனப்புலதான் இத்தன வருசமா நான் சோறு திங்கேன். இப்ப அதையும் கேட்டு வந்துட்டியா?”

கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ் ஸ்டாப் வரை வெயிலில் நடந்தோம். என் மேலேயே எனக்கு ஆத்திரம். ஆறாத புண்ணை, கதை படித்த தைரியத்தில், இரண்டு பேருக்கும் சேர்த்துக் கிளறிவிட்டேனே!

பஸ் வரும்போது முருகையா கேட்டார்: “கோவப்படாதீங்க அண்ணாச்சி. நீங்க தந்த புக்குல எல்லாம் கொன்னவன்தான பேசுதான்? செத்தவன் பொண்டாட்டி ஏன் ஒரு வார்த்த பேசல?”

முப்பது வருஷமாக வாசிக்கிறேன். எனக்கு இது தோன்றவேயில்லை, பாருங்கள்.