அவளுக்குக் கத்தி, எனக்கு வெளிச்சம்

போன வருஷம் ஆடி மாதம் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது என் இடது கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. வானத்தைப் பார்த்தேன். மேகமே இல்லை. மறுபடியும் வெட்டியது. பிறகு கரித்தூளைக் கொட்டியது போல் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன.

வலது கண் சின்ன வயதில் அம்மை கண்டபோதே போய்விட்டது. எனக்கு இருந்தது இந்த ஒரு கண்தான். இதுவும் போனால் மலையேற முடியாது. தோட்டத்தில் பேரை வெட்டிவிடுவார்கள். அம்மனை நம்புகிறவர்களே, அன்று நான் அழுத அழுகை அவளுக்கு மட்டும்தான் தெரியும். பஜனையில் எழுந்து சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கொழுந்தன் மனைவி ராசம்மா எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிராவில் இருக்கிறாள். அதற்கு முந்திய வருஷம் அவளுக்குக் கண்ணில் புரை வந்து, கொழும்பில் கத்தி வைத்து எடுத்தார்கள். கட்டுப் போட்ட கண்ணோடு வந்தவளைப் பார்க்க லயமே திரண்டது. கோழி அடித்துக் கொடுத்தார்கள். அவள் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்தினாள். "அம்மன் அவ கண்ணத் தொறந்துட்டா" என்று காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் அதே பேச்சு.

அவள் ஒரு வெள்ளிக்கிழமை விரதம்கூட ஒழுங்காக இருந்ததில்லை. நான் விட்டதில்லை. என்னிடம் ஒரு கண்ணை எடுத்துக்கொண்ட அம்மன், அவளுக்கு இரண்டையும் வைத்திருந்தாள். ராசம்மா சிரித்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

கோயிலில் விழுந்து கும்பிட்டேன். "அவளுக்குச் செஞ்ச மாதிரியே எனக்கும் செய் தாயே." வேறு வார்த்தை வரவில்லை.

தோட்டத்து டாக்டர் ஐயா கொழும்புக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி தெரிந்தவள் என்று என் புருஷன் ராசம்மாவையே துணைக்கு அனுப்பினார். கொட்டகலையில் ரயில் ஏறியதிலிருந்து அவள் வாய் மூடவில்லை.

"பயப்படாதீங்கக்கா. கத்தி வைக்கிறது தெரியவே தெரியாது. நா எப்புடி அசையாமப் படுத்திருந்தேன் தெரியுமா?"

"தெரியும். ஒரு வருஷமா அதத்தானே சொல்லிக்கிட்டு இருக்க" என்றேன்.

கண் டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு நர்ஸ் மிஸ்ஸியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மிஸ்ஸி தமிழில், "ஆபரேசன் வேணாம். லைட் அடிச்சாப் போதுமாம்" என்றார்.

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் லைட் அடிப்பது என்றால், டோர்ச்சைக் கண்ணில் காட்டிவிட்டு "ஒண்ணுமில்ல, வேலைக்குப் போ" என்று விரட்டுவது. ராசம்மாவுக்குக் கத்தி, கட்டில், கட்டு. எனக்கு வெறும் டோர்ச்சா?

"எனக்கும் கத்தி வைக்கச் சொல்லுங்க மிஸ்ஸி. இல்லாட்டி நா போறேன்." எழுந்துவிட்டேன். வெளியாள் முன்னால் நான் குரல் உயர்த்தியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

ராசம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்கக்கா. போட்டிக்கு அறுத்துக்க இது என்ன கோழியா? இருக்கிறது ஒரு கண்ணு. என்னான்னு மொதல்ல கேளுங்க."

மிஸ்ஸி சிரித்துக்கொண்டே விளக்கினார். "இது டோர்ச் இல்லம்மா. ஒங்க கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கிற மெல்லிசான ஜவ்வு கிழிஞ்சிருக்கு. விட்டா உரிஞ்சு பார்வை போயிரும். பலமான வெளிச்சத்தக் கூராக்கி உள்ள விட்டு, கிழிசலச் சுத்திச் சுடுவாங்க. தழும்பாகி ஒட்டிக்கும். கத்தியே படாது. இந்த மெசினே புதுசு. வெளிநாட்டுல இதவிடக் கூரா லேசர்னு ஒரு வெளிச்சம் வந்திருக்காம். அது இங்க இன்னும் வரல."

சொட்டு மருந்து விட்டு, ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். பழையபடி "அவளுக்குச் செஞ்ச மாதிரி" என்று வேண்ட வாயெடுத்தேன். வார்த்தை நின்றுவிட்டது. அவளுக்குச் செய்யாததை அல்லவா அம்மன் எனக்குச் செய்துகொண்டிருந்தாள்! "தாயே, இந்தக் கண்ணு" என்று மட்டும் சொன்னேன். வெளிச்சம் பளீரென்று உள்ளே இறங்கியது.

கிழிசல் ஒட்டிக்கொண்டது. ஒன்றிரண்டு புள்ளிகள் இன்னும் மிதக்கின்றன. ஆனால் பார்வை நிற்கிறது. நான் மறுபடி மலைக்குப் போகிறேன்.

ராசம்மாவுக்குத்தான் இப்போது முகம் கோணிவிட்டது. "என்னையக் கிழிச்சு, சோடாப் போத்தல் அடி மாதிரிக் கண்ணாடியும் மாட்டி விட்டாங்க. ஒங்களுக்கு வெளிச்சமே போதுமாம். அம்மனுக்கும் மூத்த மருமகள்னாத்தான் ஒசத்தி!" அதைக் கேட்க எனக்கு உள்ளுக்குள் இனிக்கிறது. அதையும் அம்மனிடம் சொல்லித்தான் கும்பிடுகிறேன்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அம்மன் முன்னால் நிற்கும்போது அடுத்தவருக்குக் கொடுத்ததைக் காட்டிக் கேட்காதீர்கள். நான் கேட்டபடியே அவள் கொடுத்திருந்தால், இருந்த ஒரு கண்ணிலும் கத்தி பட்டிருக்கும். உங்கள் வலியைச் சொல்லுங்கள். வழியை அவளிடம் விட்டுவிடுங்கள்.