நாலாவது தட்டு

இந்த ஊரில் இருமுவதற்கும் நேரம் உண்டு. மான்செஸ்டர் குளிரில் யாருக்குத்தான் இருமல் இல்லை? ஆனால் சங்கீத மண்டபத்துக்குள் வந்துவிட்டால் அத்தனை பேரும் தொண்டையை அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். சிம்பொனி என்கிற நாலு பாக இசையில் ஒரு பாகம் முடிந்து வாத்தியங்கள் ஓய்ந்ததும் மண்டபமே சேர்ந்து இருமும். அப்போது இருமலாம், கைதட்டக் கூடாது. நாலு பாகமும் முடியும்வரை பாராட்டையும் அடக்கி வைக்க வேண்டும். நம் மதுரையிலோ நல்ல இடம் வந்தால் அங்கேயே 'பலே' போட்டுவிட்டு அப்புறம்தான் மூச்சு விடுவோம். இந்த வழக்கம் தெரியாமல், போன பனிக்காலத்தில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அவமானம் சிறியதுதான். அதைத் தொடர்ந்து வந்தது அப்படியல்ல.

நான் இங்கே நெசவு இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். மிஸஸ் பார்லோ என்கிற விதவையின் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஒருநாள் அந்த அம்மாள், "சனிக்கிழமை மத்தியானம் 'ஜூப்பிட்டர்' சிம்பொனி வாசிக்கிறார்கள், வருகிறாயா?" என்று கேட்டாள். "அது எங்கள் வீட்டில் இருக்கிறதே!" என்று கத்திவிட்டேன். பாவம், பையனுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, என் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு வைத்தாள்.

ஆனால் அது நிஜமாகவே மதுரைக்குப் பக்கத்தில் கோச்சடையில் எங்கள் வீட்டில் இருந்தது. நான் வேலை பார்த்த மில்லின் துரை கப்பலேறும்போது, சுருள்வில் அறுந்த ஒரு கிராமபோனையும் நான்கு தட்டுகளையும் என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். வில்லை நான் மாற்றினேன். தட்டுகள் மழையில் ஊறி லேபிள்கள் உரிந்து கிடந்தன. முதல் தட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் பெயரும் 'ஒன்று' என்ற எண்ணும் தப்பியிருந்தன. உறைகளில் துரை பென்சிலால் ஒன்று முதல் நான்குவரை எழுதியிருந்தார். நமக்கு நாடகத் தட்டுகள் பழக்கம். ஒரு பக்கம் முடிந்தால் திருப்பிப் போடு, அதுவும் முடிந்தால் அடுத்த தட்டு. அப்படியே இதையும் போட்டோம். மற்ற மூன்று தட்டுகளில் எது முன்பக்கம் என்பதை என் மனைவி பேச்சியம்மாள் காதை வைத்தே முடிவுசெய்தாள். சாவி கொடுப்பது அவள் வேலை. ஊசியை வைப்பதும் எடுப்பதும் என் வேலை.

"மச்சான், இந்தப் பக்கத்தக் கடேசியா வைங்க" என்றாள் நாலாவது தட்டைக் கேட்டுவிட்டு. "நடவு முடிஞ்சு எல்லாரும் கரையேறிப் போன மாதிரி இருக்கு."

"இதுதான் முடிவுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இதுக்கு மேல பேச என்ன இருக்கு? கேட்டாத் தெரியலயா?"

தெரிந்தது. அவ்வளவு அமைதியான பக்கம் அது.

இரண்டு வருஷப் பயிற்சி என்று சொல்லித்தான் என்னை இங்கே அனுப்பினார்கள். மதுரை ஸ்டேஷனில் ரயில் நகரும்போது அவள் அழவில்லை. "அம்புட்டையும் நான் தனியாக் கேக்க மாட்டேன். மூணு தட்டுப் போட்டுக்கிறேன். நாலாவத நீங்க வந்து போடுங்க" என்றாள். நான் வந்த சில மாதங்களில் யுத்தம் மூண்டது. அவள் எழுதிய கடிதம் ஒவ்வொன்றும், 'மூணு தட்டுப் போட்டேன். எப்ப வாரீக?' என்றே முடியும். கப்பல் இல்லை என்று பதில் எழுதுவேன். யுத்தம் முடிந்தது. கப்பலும் வந்தது. நான்தான் இடம் கேட்டு எழுதவில்லை. தொழிற்சாலையில் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது. ஏழு வருஷம் பழகின அறையும் சம்பளமும் மனிதனை என்ன செய்யும் என்று என்னைப் போல் வந்தவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மண்டபத்தில் முதல் பக்கம் எங்கள் வீட்டில் கேட்டபடியே ஆரம்பித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து எக்காளமும் கொட்டும் அதிர வேண்டும். அதிரவில்லை. வேறு எதையோ வாசித்தார்கள். போகப் போக இன்னும் இரண்டு பக்கங்களையும் விட்டுவிட்டார்கள். இந்த நாட்டில் முட்டைக்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன், சிம்பொனிக்கும் ரேஷன் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அந்தக் கரையேறும் பக்கம் வந்தது, மெல்ல அடங்கியது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். சுற்றிலும் எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

மிஸஸ் பார்லோ என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "உடம்பு சரியில்லையா?"

"முடிந்துவிட்டதே."

"இல்லை, இன்னும் இரண்டு பாகம் இருக்கிறது. உட்கார்."

உட்கார்ந்தேன். ரேஷனில் போனதாக நான் நினைத்த பக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் வீட்டில் இரண்டாவதாக அதிரும் அந்த முழக்கம் கடைசியில் வந்தது. அதில் ஐந்து மெட்டுகள் ஒன்றையொன்று துரத்திப் பிடித்து ஒன்றாகச் சேர்கின்றன. மண்டபம் ஆரவாரித்தது. நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வாரம் தட்டுக் கடைக்காரர் விளக்கினார். தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாகத் தானே விழுந்து பாடும் இயந்திரம் ஒன்று உண்டாம். நான்கும் பாடிய பிறகு அடுக்கை அப்படியே புரட்டி வைப்பார்களாம். அதற்காக ஒன்றாம் பக்கத்தின் முதுகில் எட்டாம் பக்கத்தையும், நாலின் முதுகில் ஐந்தையும் பதிப்பார்களாம். நாங்களோ தட்டுத் தட்டாகத் திருப்பிப் போட்டு, ஒன்றை அடுத்து எட்டையும் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஐந்தையும் கேட்டிருக்கிறோம். இதை எழுதிய ஆஸ்திரியாக்காரர் ஒரே கோடையில் மூன்று சிம்பொனிகள் எழுதினாராம், அவற்றில் இதுதான் கடைசி என்றும் கடைக்காரர் சொன்னார். மூன்றே வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இதை அவர் காதால் கேட்டாரா என்பதுகூட யாருக்கும் தெரியாதாம்.

பேச்சியிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரம் தவித்தேன். கடைசியில் எல்லாவற்றையும் எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 'எனக்கு இங்கே வேலை நிரந்தரமாகப் போகிறது. நீ புறப்பட்டு வா, சரியான வரிசையில் சேர்ந்து கேட்கலாம்' என்றும் எழுதித் தொலைத்தேன். சரியான வரிசை என்ற வார்த்தையை எழுதியதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. ஐந்தாம் வகுப்புப் படித்தவள், பேசுகிற மாதிரியே எழுதுவாள்.

'நீங்க எழுதுனது வெளங்குச்சு மச்சான். மொதத் தட்டுல ரெண்டாவதா அதிருதே, அதுதான் நெசமான முடிவுன்னு சொல்றீக. அப்ப முடிவத்தான் நான் தெனமும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நாலாவது தட்டு நட்டநடுவாமே. நடுவுல உள்ளத விட்டுட்டா ஏழு வருசம் உக்காந்திருந்தேன்? நேத்துக் காலையில நாலாவதுக்கும் சாவி குடுத்து, ஊசியையும் நானே வச்சுக் கேட்டுட்டேன். நான் அங்க வரல. எனக்காக நீங்களும் வர வேணாம். வரணும்னு ஒங்களுக்கு இருந்தா வாங்க.'

எப்போதும் கடைசியில் இருக்கும் அந்த வரி இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அன்றைக்கே கப்பலுக்கு எழுதிப் போட்டேன். வேலையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இடம் கிடைத்திருக்கிறது, வருகிற மாதம் புறப்படுகிறேன். போன ஞாயிறு மிஸஸ் பார்லோவின் ரேடியோவில் அதே சிம்பொனி வந்தது. இரண்டாம் பாகம் அடங்கியதும், எங்கோ ஒரு மண்டபத்தில் எல்லோரும் இருமுவது ரேடியோ வழியாகக் கேட்டது. ஊசியை எடுக்க என் கை தானாக நீண்டுவிட்டது. "என்ன தேடுகிறாய்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

கோச்சடையில் அந்த வேலையும் இப்போது பேச்சியுடையது. நான் போய் அவள் பக்கத்தில் உட்காருவேன். நாலாவது தட்டு முடிந்ததும் அவள் ஊசியை எடுத்துப் பெட்டியை மூடிவிடுவாள். என் காது மட்டும், மண்டபத்தில் அதற்குப் பிறகு வந்த மூன்று பக்கத்துக்கு, இன்னும் காத்திருக்கும். அதை அவளிடம் சொல்லமாட்டேன்.