ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி

எவனையும் நம்பாதவள் என்று ஆபீசில் எனக்குப் பேர். பொய்யில்லை. அப்பா திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்திருந்தார். கரைக்கு வந்த மீனை ஏலம் கூறுகிறவன் ஒருத்தன் நடுவில் நிற்பான். மீன் கொண்டுவந்தவனுக்கு வாங்குகிறவன் மனசு தெரியாது, வாங்குகிறவனுக்கு இவன் அவசரம் தெரியாது. நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைப் பார்த்து நின்ற காலத்திலேயே நடுவில் நிற்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

அதனால், "அக்கா, உங்க மிஷின்ல ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி போட்டுருதேன்" என்று அந்தத் தம்பி வந்து நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்கள் ஆபீசில் மூன்றே பேர். முதலாளியை அண்ணாச்சி என்போம். நான் சர்வர் பக்கம் எழுதுகிறவள். திரையில் தெரிகிற பக்கத்தை எழுத, காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன அந்தத் தம்பியைப் புதிதாகச் சேர்த்திருந்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரம் பண்ணுவதாகப் பேச்சு. வந்த முதல் நாளே அவன் சொல்லிவிட்டான்: அண்ணன்மார் இரண்டு பேரும் துபாயில். அவன் அப்பாவுக்கு, அதாவது வாப்பாவுக்கு, வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தூக்கி உட்காரவைக்க வீட்டில் இருக்கிற ஆம்பிளை இவன் மட்டும். உள்ளூரில் வேலை இல்லையென்றால் இவனும் விமானம் ஏற வேண்டியதுதான். நான் அதையும் நம்பவில்லை. இரக்கம் வாங்கச் சொல்கிற கதை என்று நினைத்தேன்.

வேலை என்னவென்றால், மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் உள்ள ஒரு ஐஸ் பிளாண்டுக்கு வெப் அப்ளிகேஷன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் எல்லாம் ஒரே நாளில் கிளம்பும்போது ஐஸுக்கு அடிதடி நடக்கும். படகுக்காரர்கள் ஃபோனிலேயே எத்தனை பார் ஐஸ், எத்தனை மணிக்கு என்று பதிவு செய்துவிட்டால் சண்டை இருக்காது. தடைக்காலம் முடிவதற்குள் எல்லாம் சரியாக ஓட வேண்டும்.

இப்போது ரிவர்ஸ் பிராக்ஸி. என் லேப்டாப்பில் அவன் எழுதிய பக்கம் ஒரு போர்ட்டில், அதாவது ஒரு வாசலில், ஓடும், நான் எழுதிய சர்வர் இன்னொரு போர்ட்டில் ஓடும். பிரவுசர் இரண்டையும் இரண்டு வேறு ஆட்களாக நினைத்து ஒன்றோடு ஒன்று பேச விடாது. லாகின் செய்தால் அடுத்த பக்கத்தில் 'நீ யார்' என்று கேட்கும். இதற்கு வழி, முன்னால் ஒரு காவல்காரனை நிறுத்துவது. பிரவுசர் அவனிடம் மட்டும் கேட்கும். பக்கம் வேண்டுமென்றால் ஒரு போர்ட்டுக்கும், தகவல் வேண்டுமென்றால் இன்னொரு போர்ட்டுக்கும் போய் அவன் வாங்கி வந்து கொடுப்பான்.

"நடுவுல ஒருத்தன் எதுக்குலே?" என்றேன்.

"ஊருக்குத் திறந்துவிடுத லைவ் சர்வர்லயும் அப்படித்தானேக்கா ஓடப்போவுது. இங்கனயும் அதே மாதிரி இருந்தா பின்னால தலைவலி இல்லை."

போடட்டும் என்றேன். ஆனால் காவல்காரனுக்கு அவன் எழுதிய கட்டளைகளை, அந்தக் கான்ஃபிக் ஃபைலை, வரிவரியாகப் படித்தேன். வெளியே எங்கேயாவது அனுப்புகிறானா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பிரவுசரில் தட்டித் திறக்க அதற்கு ஒரு பேர் வேண்டும். கடைசியில் 'டெஸ்ட்' என்று முடிகிற ஒரு பேரை வைத்திருந்தான். எனக்குப் பிடிக்கவில்லை. பொய்ப் பேரில் சோதித்தால் பொய்யான பதில்தான் வரும், நாளைக்கு நிஜப் பேரில் போட்டதும் லாகின் உடைந்தால் 'உங்க மிஷின்ல ஓடிச்சேக்கா' என்று தப்பித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் வீட்டுக்குப் போனதும் நானே உட்கார்ந்து மாற்றினேன்.

கம்ப்யூட்டரில் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்ன ஃபைல் உண்டு. ஒரு பேரைத் தட்டினால், அது எந்த ஊர் சர்வரில் இருக்கிறது என்று வெளியே கேட்பதற்கு முன்னால் மிஷின் அந்த ஃபைலைத்தான் பார்க்கும். அதில் ஐஸ் பிளாண்டின் நிஜப் பேரை எழுதி, இந்தப் பேர் இந்த மிஷினிலேயே இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தேன். பிரவுசரில் பேருக்குப் பக்கத்தில் பூட்டு அடையாளம் வருவதற்கு செர்டிபிகேட்டும் செய்து, இதுதான் நிஜ சைட் என்று மிஷினை நம்ப வைத்தேன். லைவ் சர்வரில் அதுவரை சோதனைக்கு ஏற்றியிருந்த தகவலை நகலெடுத்துப் போட்டேன். எல்லாம் நிஜம் மாதிரியே ஓடியது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் நானே மறந்துபோனேன்.

தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு தவறு கண்ணில் பட்டது. பதிவு பட்டனை இரண்டு தடவை தட்டினால் இரண்டு பதிவு விழுந்தது. படகுக்காரன் ஈரக் கையோடு நாலு தடவை தட்டுவான். ஒருத்தனுக்கு நாலு மடங்கு ஐஸ் போய்விட்டால் அடுத்தவன் வெறுங்கையோடு நிற்பான். உண்மையில் அதை என் சர்வர் பக்கம்தான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் அதை நான் சொல்லவில்லை. "உன் பட்டன்தான். ஒரு தட்டுக்கு மேல வாங்காம பண்ணு" என்றேன்.

மறுநாள் வந்து, "சரி பண்ணி லைவ்ல ஏத்திட்டேன்க்கா" என்றான். பிரவுசரில் பேரைத் தட்டித் திறந்தேன். பட்டனை இரண்டு தடவை அழுத்தினேன். இரண்டு பதிவு.

"எங்கலே பண்ணியிருக்க?"

வந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். அடுத்த நாள் மறுபடி ஏற்றினான். மறுபடி இரண்டு. மூன்றாம் நாள் தன் ஃபோனில் திறந்து காட்டினான். அதில் ஒன்றுதான் விழுந்தது.

"உன் ஃபோன்ல நீ என்னமும் ஏற்பாடு பண்ணி வச்சிருப்ப."

"அப்ப உங்க ஃபோன்ல பாருங்க."

"ஆபீஸ் வேலைக்கு எதுக்குலே என் ஃபோனு?"

அவன் முகம் சுருங்கியது. "அக்கா, உங்க மிஷின்லதான் என்னமோ இருக்கு. நான் ஒருக்க பாக்கட்டுமா?"

என் மிஷினைத் தொட விட்டால் தன் தப்பை மறைத்துவிடுவான் என்று தோன்றியது. "கையை எடு" என்றேன்.

அன்று மத்தியானம் படிக்கட்டில் நின்று ஃபோன் பேசிக்கொண்டிருந்தான். "ஆமா காக்கா... விசாவா... சரி காக்கா, சொல்லுதேன்" என்று காதில் விழுந்தது. காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துபாய்க்குப் போக முடிவு செய்துவிட்டான். அதனால்தான் வேலை செய்யாமலே செய்தேன் என்கிறான். நேராக அண்ணாச்சியிடம் போனேன். என் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, பட்டனை இரண்டு தடவை அழுத்திக் காட்டினேன்.

"மூணு நாளா சரி பண்ணிட்டேன்னு சொல்லுதான். பாத்துக்கிடுங்க."

அண்ணாச்சிக்கு ஐஸ் பிளாண்ட்காரரிடம் என்ன சொல்வது என்ற பயம். தம்பியைக் கூப்பிட்டு, சனிக்கிழமையோடு கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். வாதாடாததால் தப்பு அவன் மேல்தான் என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஐஸ் பிளாண்டுக்குப் போனேன். மறுநாள் விடியலில் படகுகள் கிளம்பும். கிரஷரில் ஐஸ் உடைகிற சத்தத்தில் காது அடைத்தது. குட்டி யானை வண்டிகள் வரிசையாக நின்றன. இரட்டைப் பதிவால் அடிதடி நடந்துகொண்டிருக்கும், நான் சொன்னது சரி என்று எல்லோருக்கும் தெரியும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

மேனேஜர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அம்மா, ஒரு கரைச்சலும் இல்லை. வரிசைப்படி வாரான், வாங்குதான், போறான்" என்றார்.

"ரெண்டு தடவ பதிவு விழலையா?"

"எங்கன விழுது? இந்தா, இவன் விடாம தட்டுதான் பாரு." பக்கத்தில் நின்ற படகுக்காரரைக் காட்டினார்.

படகுக்காரர் சிரித்தார். "நான் அஞ்சு தடவ தட்டுனேன். ஒண்ணுதான் தந்தாவ. கஞ்சப் பயலுவ."

அப்போதுதான் என் சொந்த ஃபோனை எடுத்தேன். பட்டனை இரண்டு தடவை தட்டினேன். ஒரே பதிவு. அங்கேயே ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். அதே பேர், அதே பூட்டு அடையாளம். இரண்டு தடவை தட்டினேன். இரண்டு பதிவு. காலையிலிருந்து ஊரே பதிவு செய்திருக்கிறது, என் திரையில் அதில் ஒரு படகின் பேர்கூட இல்லை. பிறகு ஒரு காரியம் செய்தேன். ஃபோனிலிருந்து லேப்டாப்புக்குக் கொடுத்திருந்த இன்டர்நெட்டை நிறுத்தினேன். பக்கத்தை மறுபடி திறந்தேன். திறந்தது. இன்டர்நெட்டே இல்லாமல் லைவ் சைட் திறந்தது.

ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்தேன். நான் என் கையால் எழுதிய வரி அங்கே இருந்தது. இத்தனை நாளும் நான் லைவ் என்று பார்த்தது என் மிஷினுக்குள்ளேயே நான் நிறுத்திய காவல்காரனை. அவன் எனக்கு அன்றைக்கு நான் ஏற்றிவைத்த பழைய பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். தம்பி புதிதாக எழுதியதை என் மிஷினில் இறக்கக்கூட இல்லை, அவனை நம்பாததால்.

ஆபீசுக்குப் போனபோது தம்பி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பை தோளில் தொங்கியது. அண்ணாச்சி உள்ளே இருந்தார். இருவருக்கும் கேட்கிற மாதிரி, "தப்பு என்னுது" என்றேன். என்ன செய்தேன், படிக்கட்டில் அவன் பேச்சைக் கேட்டு என்ன நினைத்தேன் என்று சொன்னேன். சுருக்கிச் சொல்லவில்லை. பட்டன் தப்பை என் பக்கம் தடுத்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "ஏளா, ஊர்ல உள்ளவனையெல்லாம் சந்தேகப்படுத. உன் கையை ஒருக்க சந்தேகப்பட்டியா நீ?"

தம்பியிடம், "நீ போவாண்டாம், வேலையில இரு" என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. எனக்கு வராது.

"காக்காவுக்கு நேத்துதான் வாரேன்னு சொன்னேன்" என்றான். "அன்னைக்குப் படிக்கட்டுல உங்க காதுல விழுந்த பேச்சு, வர முடியாதுன்னு அவுககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம முழிச்சது. பாஸ்போர்ட் பைக்குள்ளதான் இருக்கு."

"வாப்பாவை யார் தூக்குவா?"

அவன் என்னையே பார்த்தான். அந்தக் கதையை நான் நம்புகிறேனா என்று அளந்தான் போலிருக்கிறது. "மிஷினைத் தாங்க" என்றான்.

நாற்காலியை விட்டு எழுந்தேன். உட்கார்ந்தான். ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்தான், வரியை அழித்தான். செர்டிபிகேட்டையும் எடுத்தான். 'டெஸ்ட்' என்று முடிகிற பழைய பேரை மறுபடி எழுதினான். பை இன்னும் தோளில்தான் இருந்தது. பின்னால் நின்று அவன் ஒவ்வொரு எழுத்தாக என்ன அடிக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவனுக்கு அது தெரிந்தது. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தான்.

"வாசிச்சுப் பாத்துட்டு நீங்களே சேவ் பண்ணுங்க."

வாசித்தேன். சேவ் செய்தேன். அவன் பையைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்தான்.